'கால் காந்துது' என்றால் காது கொடுங்கள்!

உங்கள் வீட்டில் யாராவது மார்கழிக் குளிரிலும் போர்வைக்கு வெளியே பாதத்தை நீட்டிக்கொண்டு படுக்கிறார்களா? நடுராத்திரி எழுந்து போய் பாத்ரூம் ஈரத் தரையில் கால் வைத்து நிற்கிறார்களா? "சேலைக் கரை உரசினாலே உயிர் போகுது" என்கிறார்களா? அப்படியானால் தயவுசெய்து இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது உங்களுக்காகத்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக வேலை பார்த்து ரிடையர் ஆனவன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் என்னிடம் ஸ்பெல்லிங் தப்பாக எழுதி இம்போசிஷன் வாங்காத பிள்ளை குறைவு. 'ஒரு எழுத்து மாறினால் அர்த்தமே மாறிடும்டா' என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது.

அப்படிப்பட்ட நானே ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்தேன். அதற்கு இம்போசிஷன் எழுதியது நான் இல்லை. என் அத்தை. அவள் கொடுத்த விலை, வலது காலில் இரண்டு விரல்கள்.

கான்சாபுரத்து அத்தை

அத்தைக்கு வாக்கப்பட்ட ஊர் கான்சாபுரம். கூமாப்பட்டி பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர். தென்னை, நெல், தூரத்தில் பிளவக்கல் அணை. ஊர்ப் பெயரே ஒரு ஸ்பெல்லிங் கதைதான். கான்சாகிப் பெயரில் வந்த ஊர், வாயில் புழங்கிப் புழங்கி 'கான்சா' என்று தேய்ந்துவிட்டது என்பார்கள் பெரியவர்கள். மதுரையில் கான்சாமேட்டுத் தெரு இருக்கிறதே, அதே மாதிரி. ஊர்ப் பெயரில் எழுத்து தேய்ந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. நோயின் பெயரில் தேய்ந்தால்?

2014-ல் நடந்தது இது. அத்தைக்கு அப்போது 61 வயது. ஒரு நாள் போயிருந்தபோது, குடத்துத் தண்ணீரைக் கொப்பரையில் ஊற்றி அதில் காலை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அத்தை, ராணி மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"காந்துதுய்யா. பாதம் ரெண்டும் கங்குல வச்ச மாதிரி காந்துது. ராத்திரியானா கூடுது. போர்வை பட்டா பிடுங்கி எறியலாம்னு இருக்கு."

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினோம். நல்ல கூட்டம். இரண்டு நிமிஷம் பார்த்தார். ரத்தப் பரிசோதனை சிலது எழுதினார். சத்து மாத்திரை எழுதினார். சீட்டின் மேல்பக்கம் ஒரு நீளமான வார்த்தையைக் கிறுக்கினார்.

வெளியே வந்ததும் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். இங்கிலீஷ் வாத்தியார் ஆச்சே! நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். பின்பாதி தெளிவாக இருந்தது. 'ஸ்தீசியா'. முன்பாதியில் 'ஹைப்' வரை தெரிந்தது. மிச்சம் ஒரு சுழிப்பு. நான் கம்பீரமாகச் சொன்னேன்: "ஹைப்போ-எஸ்தீசியா. உணர்ச்சி கம்மின்னு அர்த்தம். வயசானா வர்றதுதான். பயப்பட ஒண்ணுமில்லை."

அத்தை என்னைப் பார்த்தாள். "கம்மியா? தொட்டா துடிச்சுப் போறேன், கம்மிங்கிறியேய்யா?"

"டாக்டரே எழுதியிருக்கார் அத்தை" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு காகிதமும் ஒரு வாத்தியாரும் ஒரு பக்கம், அந்தப் பாதத்துக்குச் சொந்தக்காரி ஒரு பக்கம். வீடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். "டாக்டரே உணர்ச்சி கம்மிங்கிறார், இவ என்னடான்னா துடிக்கிறேன்கிறா. மருமக வந்ததுலேருந்து இப்படித்தான்" என்று பேச்சு போய்விட்டது. ரத்தப் பரிசோதனையை 'அடுத்த மாசம் பார்ப்போம்' என்று தள்ளினார்கள். அந்த அடுத்த மாசம் வரவே இல்லை. அத்தையும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

இரண்டு எழுத்து, இரண்டு உலகம்

இப்போது அந்த வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பாடம் எடுப்பதாக நினைக்காதீர்கள். பாடம் படித்துக்கொண்டவன் சொல்கிறேன்.

கிரேக்க மொழியில் 'ஐஸ்தெசிஸ்' என்றால் உணர்தல். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து கொடுக்கிறார்களே, 'அனஸ்தீசியா', அதுவும் இந்தக் குடும்பம்தான். உணர்வு இல்லாத நிலை என்று பொருள். 1846-ல் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் ஆபரேஷன் செய்து காட்டியபோது, அந்த நிலைக்கு இந்தப் பெயரை வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் என்ற டாக்டர். அவர் எழுத்தாளரும்கூட.

அதே 'ஈஸ்தீசியா'வுக்கு முன்னால் 'ஹைப்பர்' போட்டால் மிகுதி. தொட்டால், அழுத்தினால், சூடோ குளிரோ பட்டால், அளவுக்கு மீறி உணரும் நிலை. தமிழில் மிகையுணர்வு என்று சொல்லலாம். 'ஹைப்போ' போட்டால் குறைவு. ஊசி குத்தினாலும் சரியாகத் தெரியாத நிலை.

ஸ்பெல்லிங்கில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. பிரிட்டிஷ்காரர்கள் 'ஈஸ்தீசியா'வை 'ஏ'யும் 'இ'யும் சேர்த்து எழுதுவார்கள். அந்தக் கணக்கில் ஹைப்பர் வார்த்தைக்குப் 14 எழுத்து. அமெரிக்கர்கள் 'ஏ'யை விட்டுவிட்டு 'இ' மட்டும் போடுவார்கள். 13 எழுத்து. இரண்டும் சரிதான், அர்த்தம் ஒன்றுதான். நம் ஊர் டாக்டர்கள் இரண்டு மாதிரியும் எழுதுவார்கள். அதனால் ஒரு ரிப்போர்ட்டில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் 'புது வியாதியோ' என்று பதற வேண்டாம்.

பதற வேண்டியது வேறு இடத்தில். உணர்வு குறைவைச் சொல்லும் 'ஹைப்போ-எஸ்தீசியா'வை நடுவில் உள்ள 'ஓ'வை விழுங்கிவிட்டு 'ஹைப்பெஸ்தீசியா' என்றும் எழுதுவது உண்டு. அகராதியிலேயே இருக்கிறது. இப்போது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஹைப்பரெஸ்தீசியா... ஹைப்பெஸ்தீசியா... நடுவில் ஒரு 'ர' தவிர என்ன வித்தியாசம்? ஆனால் ஒன்று நெருப்பு. இன்னொன்று மரக்கட்டை. அவசரக் கிறுக்கலில் அந்த 'ர' காணாமல் போக எவ்வளவு நேரம் ஆகும்?

வலி பற்றி ஆராயும் சர்வதேச சங்கத்தின் விளக்கப்படி, ஹைப்பரெஸ்தீசியாவில் கண், காது, மூக்கு போன்ற தனிப் புலன்கள் சேராது. தோல், தசை என்று உடம்பால் உணர்வதுதான் கணக்கு. சத்தம் தாங்க முடியாததற்கும் வெளிச்சம் தாங்க முடியாததற்கும் வேறு பெயர்கள் இருக்கின்றன. ஆனால் பழைய புத்தகங்களிலும் பேச்சு வழக்கிலும் எல்லாப் புலனுக்கும் சேர்த்தே இந்த வார்த்தையைச் சொல்வார்கள். அது தெரிந்திருந்தால் போதும்.

நம்ம ஊர் பாட்டிக்கு இதெல்லாம் எப்பவோ தெரியும்!

கிரேக்கம் தெரியாவிட்டால் போகட்டும். தமிழில் நமக்கு என்ன குறைச்சல்? கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பல் கூசுது. கண் கூசுது. பாதம் காந்துது. கை மதமதன்னு இருக்கு. கால் மரத்துப் போச்சு. உள்ளங்காலில் எறும்பு ஊருது. ஊசி ஊசியாக் குத்துது. விறுவிறுன்னு இழுக்குது. குறுகுறுங்குது. ஒவ்வொன்றும் வேறு வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நம் பாட்டிமார் சொல்லவே மாட்டார்கள்.

டாக்டர்களும் இதைத்தான் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்றும் படாமலே எறும்பு ஊர்வது, ஊசி குத்துவது பாரெஸ்தீசியா. வலிக்கவே கூடாத விஷயம், உதாரணத்துக்கு மல் துணி உரசுவது, வலித்தால் அலோடினியா. சின்ன வலி பெரிய வலியாகத் தெரிந்தால் ஹைப்பரால்ஜீசியா. அத்தைக்குப் போர்வை பட்டதும் வலித்ததே, அது அலோடினியா. அவள் இங்கிலீஷ் படிக்காமலே டயக்னோசிஸ் சொன்னவள். நான்தான் இங்கிலீஷ் படித்துவிட்டு அதைக் கெடுத்தேன்!

இந்தப் பாத எரிச்சலை உலக மருத்துவத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சேலத்தில் 1918-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் சி. கோபாலன். இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கே தூணாக நின்று, 100 வயதில் 2019-ல் மறைந்தவர். அவர் 1946-ல் 'எரியும் பாதம்' பற்றி இந்தியன் மெடிக்கல் கெஸட்டில் எழுதினார். ஏழை பாழைகள், சத்துக் குறைந்த சாப்பாடு, ராத்திரியானால் பாதத்தில் தாங்க முடியாத எரிச்சல். பி வகை வைட்டமின் பற்றாக்குறையோடு அவர் இதைச் சம்பந்தப்படுத்தினார். கிரியர்சன் என்ற ஆங்கிலேய டாக்டர் 1826-லேயே இதைக் குறிப்பிட்டிருந்ததால், கிரியர்சன்-கோபாலன் நோய் என்று இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் முகாம்களில் பட்டினி கிடந்த போர்க் கைதிகளுக்கும் இதே எரிச்சல் வந்தது.

கவனியுங்கள். கோபாலன் அந்த ஏழைகளிடம் 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்லி அனுப்பவில்லை. 'காந்துது' என்றதைக் காது கொடுத்துக் கேட்டார். அதிலிருந்து ஒரு மருத்துவ உண்மை பிறந்தது.

வலி போனால் சந்தோஷமா?

அத்தை கதைக்கு வருகிறேன். ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு நாள் போனபோது கொப்பரையைக் காணோம். "எரிச்சல் எப்படி அத்தை?" என்றேன். "இப்ப இல்லைய்யா. ஒண்ணும் தெரியல" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல!" என்று பெருமை வேறு.

'ஒண்ணும் தெரியல' என்று அவள் சொன்னதன் அர்த்தம் அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அடுத்த மாசம் தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கப் போனவள் காலில் கருவேல முள் ஏறியிருக்கிறது. ஏறியது அவளுக்குத் தெரியவே இல்லை. நாலு நாள் கழித்து, வீடு கூட்டும்போது மருமகள்தான் தரையில் ஈரத்தைப் பார்த்து, "அத்தை, உங்க காலில் சீழ் வடியுது" என்று அலறியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்தார்கள். முந்நூற்று நாற்பது. எத்தனை வருஷமாக இருந்ததோ! விரல் இரண்டும் கறுத்துவிட்டன. எடுக்க வேண்டியதாயிற்று.

அங்கே இருந்த இளம் டாக்டர் பழைய சீட்டைக் கேட்டார். கொடுத்தோம். ஒரு நொடி பார்த்தார். "ஹைப்பரெஸ்தீசியான்னு அப்பவே எழுதியிருக்காங்களே. சர்க்கரை டெஸ்ட்டும் எழுதியிருக்காங்க. ஏன் எடுக்கல?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் எந்த மாணவனும் என் முன்னால் அப்படித் தலை குனிந்து நின்றதில்லை.

இதில்தான் இந்த வியாதியின் சூழ்ச்சி இருக்கிறது. சர்க்கரையால் நரம்பு கெடும்போது முதலில் பலருக்கு உணர்வு மிகையாகிறது. எரிச்சல், கூச்சம், குத்தல். அது நரம்பு போடும் கூக்குரல். கவனிக்காமல் விட்டால் அதே நரம்பு மெல்ல மெல்ல ஓய்ந்துபோகிறது. ஹைப்பர் ஹைப்போ ஆகிவிடுகிறது. சிலருக்கு ஒரே பாதத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்: மேலே எரியும், அடியில் முள் குத்தினால் தெரியாது. எரிச்சல் குறைந்தால் அது குணமானதாகவும் இருக்கலாம், நரம்பு செத்ததாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. வாத்தியாரால் நிச்சயமாக முடியாது!

சோதனை ஒன்றும் பெரிய செலவில்லை. 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் ஒரு நைலான் இழையால் பாதத்தில் சில இடங்களில் தொட்டுப் பார்ப்பார்கள். 128 அதிர்வு கொண்ட இசைக்கவையை எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். ஐந்து நிமிஷ வேலை. சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது 'என் பாதத்தைப் பாருங்க டாக்டர்' என்று செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள். கூச்சப்படாதீர்கள்.

இது யாரோ சிலருக்கு வருவது என்றும் நினைத்துவிடாதீர்கள். சென்னை டயாபடிஸ் ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. அதன் கணக்குப்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். பால்கோவாவுக்குப் பேர்போன ஊர்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது!

சர்க்கரை மட்டும்தானா?

இல்லை. நார்மல் சர்க்கரை உள்ளவர்களுக்கும் பாதம் காந்தலாம். பி-12 வைட்டமின் குறைவு முக்கியக் காரணம். அசைவம், பால் எதுவும் அதிகம் சேர்க்காதவர்களுக்கு இது வரும். சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் பி-12 குறையலாம். மதுப் பழக்கம், தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு எல்லாம் பட்டியலில் உண்டு. டி.பி.க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரையாலும் வரலாம். அதனால்தான் கூடவே பி-6 வைட்டமின் கொடுக்கிறார்கள். அதைத் 'தேவையில்லாத மாத்திரை' என்று ஒதுக்காதீர்கள். அதே சமயம், டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தவும் செய்யாதீர்கள்.

அப்புறம் அக்கி. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எரிச்சல், சட்டை பட்டால் துடிப்பு, இரண்டு மூன்று நாளில் கொப்புளம். சின்ன வயதில் அம்மை போட்டபோது உள்ளே ஒளிந்துகொண்ட அதே கிருமிதான் நரம்பு வழியாக வெளியே வருகிறது. நம் பக்கத்தில் செங்காவி குழைத்து அக்கி எழுதும் வழக்கம் உண்டு. எழுதிக்கொள்வது உங்கள் இஷ்டம். ஆனால் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போய் வைரஸ் மாத்திரை ஆரம்பிப்பதுதான் நல்ல பலன் தரும். முற்றவிட்டால் கொப்புளம் ஆறிய பிறகும் மாசக்கணக்கில் அந்த இடம் தொட முடியாமல் வலிக்கலாம். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதற்குத் தடுப்பூசியும் 2023 முதல் நம் நாட்டில் கிடைக்கிறது.

குழந்தைகள் விஷயமும் சொல்ல வேண்டும். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை. சட்டைக் காலரில் உள்ள லேபிள் குத்துகிறது என்று சட்டையையே கழற்றி எறியும் பிள்ளை. தேர்த் திருவிழா மேளச் சத்தத்தில் மிரண்டு ஓடும் பிள்ளை. 'அடம்', 'செல்லம்' என்று முதுகில் ஒன்று வைக்கிறோம். எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கும்தான். ஆனால் இதனால் சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் கெட்டால், பேச்சும் பழக்கமும் தாமதமாக இருந்தால், குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் 2013-ல் திருத்தி வெளியிட்ட கையேட்டில், ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகப் புலன் உணர்வுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதையும் சேர்த்திருக்கிறார்கள். பார்த்தீர்களா, இங்கேயும் அதே ஹைப்பர், ஹைப்போ!

டாக்டர்களுக்கு ஒரு விண்ணப்பம், நமக்கு ஒரு சூடு

என் கட்சி இதுதான். வைத்தியச் சீட்டில் நோயின் பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி தமிழில் இருக்க வேண்டும். 'பாதத்தில் உணர்ச்சி அதிகம், சர்க்கரை பார்க்கவும்.' ஐந்தே சொல். கான்சாபுரத்து மருமகள்கூடப் படித்திருப்பாள். என்னை மாதிரி அரைகுறை அறிவாளியின் உதவி தேவைப்பட்டிருக்காது.

'இங்கிலீஷ் வார்த்தை வேண்டாம்' என்று நான் சொல்லவில்லை. ஒரு டாக்டர் எழுதியதை இன்னொரு டாக்டர் டெல்லியிலும் படித்துப் புரிந்துகொள்ள அந்த வார்த்தை வேண்டும். 'வெளியே அறுபது பேர் நிற்கிறார்கள், இதற்கெல்லாம் நேரம் எங்கே?' என்று டாக்டர்கள் கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. அந்த இரண்டு நிமிஷத்தில் அத்தையின் டாக்டர் சரியாகத்தான் கண்டுபிடித்தார், சரியான டெஸ்ட்டைத்தான் எழுதினார். ஆனால் சரியானது சீட்டிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து சேரவில்லை. அதுதான் வருத்தம். டாக்டரால் முடியாவிட்டால் நர்ஸ், கம்பவுண்டர், மருந்துக்கடைக்காரர் யாராவது அந்த ஒரு வரியை எழுதலாம். மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016-லேயே மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியது. மருந்துக்குக் காட்டும் அந்த அக்கறையை நோயின் பெயருக்கும் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் பெரிய குற்றம் டாக்டர் மேல் இல்லை. நம் மேல்தான். காகிதத்தில் இருப்பதை நம்பினோம். கண்ணெதிரே இருக்கிறவள் சொன்னதை நம்பவில்லை. காகிதமும் மனுஷியும் வேறு வேறு சொன்னால் 'எங்கேயோ தப்பு இருக்கு, திரும்பப் போய்க் கேட்போம்' என்று தோன்றியிருக்க வேண்டாமா? எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன்? வலிக்கிறது என்று சொன்னவள் வயதான பெண்பிள்ளை. அதுவே ஒரு ஆம்பிளை, சம்பாதிக்கிறவன், 'கால் எரியுது, வேலைக்குப் போக முடியல' என்றிருந்தால் அன்றைக்கே ஆட்டோ பிடித்திருப்போம். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் மட்டும் வேறு மாதிரியா?

இன்றைக்கே செய்ய வேண்டியவை

பாதம் காந்துகிறது என்று யாராவது சொன்னால் அந்த வாரமே சர்க்கரை பாருங்கள். பி-12, தைராய்டு எல்லாம் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடமும் பாதத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

சாதாரண வலி மாத்திரை இந்த எரிச்சலுக்குப் பெரிதாகக் கேட்காது. கடையில் வாங்கி வாங்கி விழுங்கி சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நரம்பு வலிக்கென்று தனி மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை டாக்டர்தான் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும்.

வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். உணர்வு குறைந்த இடம் வெந்துபோனாலும் தெரியாது. மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறவைப்பதும் தோலைக் கெடுக்கும். செருப்பில்லாமல் தோப்புக்கு மட்டுமல்ல, வாசலுக்குக்கூடப் போக வேண்டாம்.

தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். அல்லது பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போர்வை பட்டால் கூசுகிறவர்களுக்கு ஒரு வழி: கால்மாட்டில் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் போர்வையைப் போடுங்கள். காலில் படாது, குளிரும் அடிக்காது. காசு செலவில்லாத நிம்மதி!

சீட்டில் நீளமான வார்த்தை இருந்தால், 'இது ஹைப்பரா, ஹைப்போவா டாக்டர்? அதிகமா, கம்மியா?' என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை. விரல் முக்கியம்.

அத்தைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. விரல் எடுத்த சமயத்தில் ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை மாசக்கணக்கில் சுற்றினோம். புண் ஆறிவிட்டது. போன பொங்கலுக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்கிற மாதிரியே அன்றைக்கும் ஆரம்பித்தேன். "ஸ்பெல்லிங் தப்பாப் படிச்சுட்டேன் அத்தை..."

"அது கெடக்கட்டும்யா" என்றாள். "நீ தப்பாப் படிச்சது எனக்கு வருத்தமில்ல. நான் சொன்னதைக் கேக்கல பாரு, அதான்."

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "பாதம் எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் இருங்கள்.